நங்கூரம் எங்க விழுகுது?

முருகைக்கல் (பவளப்பாறை) பாக்க வள்ளம் பிடிச்சுப் போன எங்கட சனம், அதுக்கு மேல ஏறி நிண்டு படம் எடுக்கிற அந்த வீடியோவை எல்லாரும் பாத்திருப்பியள், இன்னொருக்கால் நான் பகிரப் போறதில்லை. ரெண்டு நாளா அதைப்பற்றிக் கதைக்கிற ஆக்கள் ஒண்டைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்: ஆளுக்கு எவ்வளவு வாங்கினவை, அது கூடவோ, அடுத்த முறை ஆரிட்டப் போனால் மலிவு. வள்ளத்தின்ர முன்பக்கம் நிக்கிற பெடியன் நங்கூரத்தைத் தூக்கி எறியிற இடத்தை ஒருத்தரும் கவனிக்கேல்லை. தண்ணிக்குள்ள இருந்து எடுத்த வீடியோ எண்டபடியால் சத்தம் வடிவாக் கேக்குது. "கடக்" எண்டு ஒரு சத்தம், அதுக்குப் பிறகு காய்ஞ்ச சுள்ளி முறியிற மாதிரி ரெண்டு மூண்டு. மணலில விழுகிற நங்கூரம் அப்பிடிச் சத்தம் போடாது.

முருகைக்கல் பாக்கப் போற ஆக்கள் வள்ளம் பிடிக்கேக்க முதலாவதாக் கேக்கவேண்டிய கேள்வி காசு இல்லை. "அண்ணை, வள்ளத்தை எங்க நிப்பாட்டுவியள், நங்கூரத்தை எதில போடுவியள்?" இதுதான் முதல் கேள்வி. "மணலில போடுவன்", "மிதவையில கட்டுவன்", "கரையில ஏத்திவிடுவன்" எண்டு யோசிக்காமல் மறுமொழி சொல்லுறவரோட போங்கோ. "அதெல்லாம் நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" எண்டு சொல்லுறவரோட போகாதேங்கோ. அவர் ஆயிரம் ரூபா குறைச்சாலும் போகாதேங்கோ.

ஏன் இவ்வளவு கண்டிப்பு எண்டு கேப்பியள். சின்ன பைபர் வள்ளத்தின்ர நங்கூரம் நாலு கொழுவி உள்ள இரும்பு. 3 மீற்றர் ஆழத்தில போட்டால் கயிறு குறைஞ்சது 9 மீற்றராவது விடவேணும். இல்லாட்டிக் கொழுவி படுத்துப் பிடிக்காமல் நிமிந்து நிண்டு இழுபடும். அந்த 9 மீற்றர் கயித்தில வள்ளம் காத்துக்கும் நீரோட்டத்துக்கும் சுத்திச் சுத்தி வரும். அடியில கிடக்கிற கயிறும் சங்கிலியும் அந்த வட்டத்துக்குள்ள இருக்கிற எல்லாத்தையும் உரசிக்கொண்டு போகும். வெளிக்கிடேக்கதான் இன்னும் மோசம். கல்லுக்குள்ள கொழுவினது லேசில வராது. என்ஜினை ஸ்ராட் பண்ணி முன்னுக்கு இழுத்துத்தான் கழட்டுவினம். பாறையோட சேத்துக் கழரும். மேல வாற நங்கூரத்தைப் பாத்தாலே தெரியும். மணலில கிடந்தது கழுவின மாதிரி வரும். முருகைக்கல்லில கிடந்ததில மண்ணிற வழுவழுப்பும், முறிஞ்ச இடத்துச் சுண்ணாம்பு வெள்ளையும் ஒட்டியிருக்கும்.

முருகைக்கல் எண்டது வெறும் கல் இல்லை, உயிர். அதில மான்கொம்பு மாதிரிக் கிளைவிடுற இனம் வருசத்துக்கு ஒரு சாணுக்கும் குறைவாகத்தான் வளரும், 10 சென்ரிமீற்றர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. உருண்டையா மூளை மாதிரி இருக்கிறது வருசத்துக்கு 1 சென்ரிமீற்றர் வளர்ந்தால் பெரிய காரியம். வீடியோவில அந்தத் தம்பி ஏறி நிண்டு கை காட்டிற உருண்டை அவற்ர இடுப்பளவு இருக்குது. அவற்ர அப்பப்பா பிறக்க முதலே அது அங்க இருந்திருக்கும். மேல உயிருள்ள தோல் எவ்வளவு தடிப்பு எண்டு நினைக்கிறியள்? சில மில்லிமீற்றர். உள்ள இருக்கிறதெல்லாம் அது கட்டின சுண்ணாம்பு வீடு. காலால மிதிச்சால் கிழியிறது அந்தத் தோல்தான். கிழிஞ்ச இடத்தில பாசி பிடிச்சால் திரும்ப மூடுறது கஷ்டம்.

இனி, வரப்போற மறுமொழியள் எனக்குத் தெரியும்.

"அங்க முக்கால்வாசி ஏற்கனவே வெள்ளையாச் செத்துப்போச்சு, இனி என்ன காப்பாத்த?" பிழை. வெள்ளை எண்டால் செத்தது எண்டு அர்த்தமில்லை. கடல் வழமையான உச்ச வெப்பத்தைவிட 1 பாகை கூடி, சில கிழமை அப்பிடியே நிண்டால், முருகைக்குள்ள குடியிருந்து அதுக்குச் சாப்பாடு செய்து குடுக்கிற நுண்பாசி வெளியேறிப் போகும். நிறம் குடுக்கிறதும் அந்தப் பாசிதான், அதாலதான் வெளிறுது. வெளிறின முருகை பட்டினி கிடக்கிற உயிர். தண்ணி நேரத்துக்குக் குளிர்ந்தால் பாசி திரும்ப வரும், முருகை பிழைக்கும். 1998இல இப்பிடி வெளிறினது, 2016இல வெளிறினது, 2024 ஏப்ரலில உலகம் முழுக்க நாலாவது தரமா வெளிறுது எண்டு விஞ்ஞானிகள் அறிவிச்சவை. பட்டினி கிடந்து எழும்பப் பாக்கிற ஒரு உயிருக்கு மேல நங்கூரம் போடுறதுக்கு "ஏற்கனவே செத்தது" எண்டது ஒரு காரணமே இல்லை.

"வெள்ளைக்காரரும்தானே மிதிக்கினம்?" மிதிக்கினம். அதுவும் பிழைதான். அவ்வளவுதான்.

"வள்ளக்காரற்ர வயித்தில அடிக்கிறியள்." இதுக்கு மட்டும் ஆறுதலா மறுமொழி சொல்லவேணும், ஏனெண்டால் இதைச் சொல்லுற ஆக்கள் நல்ல மனதோடதான் சொல்லினம். ஆனால் வள்ளக்காரற்ர வயித்தில அடிக்கிறது ஆர்? கரையில நிண்டு அரை மணித்தியாலம் விலை பேசுறது ஆர்? விலையைக் குறைச்சால் அவர் எதைக் குறைப்பார் எண்டு யோசிச்சனாங்களோ? முதல் குறையிறது உதவிக்கு வாற ரெண்டாவது ஆள். அவர் இல்லாட்டி தண்ணிக்குள்ள குதிச்சு மணல் திட்டுப் பாத்து நங்கூரத்தைக் கையால வைக்க ஆள் இல்லை. நீங்கள் நீந்தேக்கத் தலையை எண்ணிக்கொண்டு நிக்கவும் ஆள் இல்லை. அடுத்தது எரிபொருள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு எண்டு கொண்டுபோக வேணும். அந்த மூண்டாவது பங்கு இல்லாமல் வெளிக்கிடுவார். கடைசியா, 8 பேர் ஏறவேண்டிய வள்ளத்தில 14 பேரை ஏத்துவார். ஏத்தாட்டி அவருக்குக் கட்டாது. மணலில நங்கூரம் போடுறவர் கூடக் கேக்கிறார் எண்டால் அந்தக் கூடின காசு இதுகளுக்குத்தான் போகுது. அவருக்குக் குடுங்கோ. நல்லாச் செய்யிறவருக்கு நாலு சனம் கூடப் போனால் பக்கத்து வள்ளக்காரரும் அப்பிடித்தான் செய்வார். அவரின்ர பிழைப்பும் அந்தக் கல்லில்தான் இருக்குது, எங்களைவிட அவருக்கு அது நல்லாத் தெரியும். மலிவாக் கேட்டு அவரை அந்தக் கல்லை உடைக்க வைக்கிறது நாங்கள்.

சரி, வள்ளத்தில ஏற முதல் பாக்கவேண்டிய மிச்சத்தையும் சொல்லுறன்.

காலம் முதல். சோளகம் (தென்மேற்குக் காத்து) வீசிற மாதங்களில, வைகாசியில இருந்து புரட்டாதி வரை, கிழக்குக் கடல் அடங்கியிருக்கும். அப்ப நிலாவெளிப் புறாத்தீவு, பாசிக்குடா, காயங்கேணிப் பக்கம் போகலாம். வாடை (வடகிழக்குக் காத்து) வந்தால் கிழக்கை விடுங்கோ. கார்த்திகை முடிய ஹிக்கடுவ, கற்பிட்டிப் பக்கம்தான் கடல் நல்லா இருக்கும். மார்கழி லீவெண்டு வான் பிடிச்சு நிலாவெளிக்குப் போய், "கடல் சரியில்லை, காசு திருப்பித் தரமாட்டினமாம்" எண்டு கோவிக்கிறதில நியாயமில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு நாளும் கடற்பரப்புக்கான எதிர்வுகூறல் போடும். முதல் நாள் பின்னேரம் பாருங்கோ, அண்டைக்குக் காலமையும் பாருங்கோ. காலமை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில இறங்குங்கோ. மத்தியானத்துக்குப் பிறகு காத்து ஏறும், அடி கலங்கும், ஒண்டும் தெரியாது. பலமா மழை பெய்ஞ்சால் ரெண்டு நாள் பொறுங்கோ.

புறாத்தீவு 1963இல சரணாலயமாக்கினது, 2003இல இருந்து தேசியப் பூங்கா. அங்க போக வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி ரிக்கெற் எடுக்கவேணும், அது வள்ளக் காசுக்குப் புறம்பு. "எல்லாம் சேத்து" எண்டு ஒரு விலை சொன்னால் ரிக்கெற்றும் அதுக்குள்ளயோ எண்டு கேளுங்கோ, ரிக்கெற்றைக் கையில வாங்குங்கோ.

லைவ் ஜக்கெற் இருக்கோ எண்டு கேக்கிறது காணாது. எடுத்துப் போட்டுப் பாக்கவேணும். எல்லாக் கொழுவியையும் பூட்டிப்போட்டு ரெண்டு கையையும் மேல தூக்குங்கோ, ஒராள் தோள் பக்கத்தால பிடிச்சு மேல இழுக்கட்டும். நாடியைத் தாண்டிக் காது வரை ஏறினால் அது உங்கட அளவில்லை. பிள்ளையளுக்கு பெரியாக்களின்ர ஜக்கெற் போடக்கூடாது. தண்ணியில பிள்ளை கீழால வழுகிப் போயிடும். காலுக்கு இடையால வாற பட்டி உள்ளதுதான் அவைக்கு வேணும். வீடியோவில பின்னுக்கு இருக்கிற சின்னப் பிள்ளைக்கு ஜக்கெற்றே இல்லை. அதையும் ஒருத்தரும் கதைக்கேல்லை.

என்ஜினைப் பாருங்கோ. ஓட்டுறவற்ர கையில சிவப்புச் சுருள் வயர் ஒண்டு கொழுவி இருக்கவேணும். அவர் தவறி விழுந்தால் அது இழுபட்டு என்ஜின் நிக்கும். அது என்ஜினில தொங்கிக்கொண்டிருந்தால் கையில கொழுவச் சொல்லுங்கோ. சனம் தண்ணிக்குள்ள இருக்கேக்க என்ஜின் ஓடவே கூடாது. ஏறுறதுக்கு ஏணி இருக்கோ எண்டும் பாருங்கோ. களைச்சுப்போன ஆள் தண்ணியில இருந்து பைபர் வள்ளத்தின்ர விளிம்பைப் பிடிச்சுத் தானா ஏற ஏலாது. ஏணி இல்லாட்டி அப்பதான் சனம் கீழ இருக்கிற கல்லில காலை ஊண்டும்.

மாஸ்க்கை பட்டி போடாமல் முகத்தில வைச்சு மூக்கால மூச்சை இழுங்கோ. கையை விட்டாலும் விழாமல் ஒட்டி நிண்டால் உங்கட முகத்துக்குச் சரி. மீசைக்காரருக்குக் கொஞ்சம் ஒழுகும், தலைமயிர் ஒண்டு உள்ள போனாலும் ஒழுகும். உப்புத் தண்ணி உள்ள வந்தவுடன பதறி எழும்பி நிக்கிறது கல்லுக்கு மேலதான். முருகைக்கல் கனதரம் உடையிறது இப்பிடித்தான், கெட்ட எண்ணத்தில இல்லை, பயத்தில. அதால முதலில இடுப்பளவு தண்ணியில, மணலில நிண்டு, 10 நிமிசம் மூச்சு விட்டுப் பழகுங்கோ. பழகவிடாத வள்ளக்காரரோட போகாதேங்கோ. நீந்தத் தெரியாத ஆக்கள் ஜக்கெற்றோட மிதந்தபடியே பாக்கலாம், ஒரு குறையும் இல்லை. வெயிலுக்குக் கிறீம் பூசாமல் கை நீளமான ரீசேட் போடுங்கோ. ஒக்சிபென்சோன் எண்ட இரசாயனம் கலந்த கிறீமுகள் முருகையைப் பாதிக்குது எண்டு ஹவாயில 2021இல இருந்து மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க விடுறதில்லை.

இதில எனக்கு நோகிற இடம் ஒண்டு இருக்குது. நாங்கள் முருகைக்கல் தெரியாத சனம் இல்லை. நெடுந்தீவில சீமெந்து இல்லாமல் அடுக்கின வேலியள் முழுக்க முருகைக்கல். கிட்டப் போய்ப் பாத்தால் ஒவ்வொரு கல்லிலயும் தேன்வதை மாதிரிச் சின்னச் சின்னக் கண், நடுவில நட்சத்திரக் கோடு. யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரிலயும் அதே கண். பழைய வீடுகளுக்குப் பூசின சுண்ணாம்பும் அதைச் சுட்டு எடுத்ததுதான். எங்களை நிழலில வைச்சிருந்தது அந்த உயிரின்ர எலும்பு. பிறகு யுத்தம் வந்து கடலை அடைச்சாங்கள். கரையில இருந்து அரை மைலில வளர்ந்த பிள்ளையள் எத்தினை பேர் கடலுக்குள்ள தலை தாழ்க்காமலே பெரியாக்களானவை. இப்ப கடல் திறந்திருக்குது. முதல் தரம் தண்ணிக்குள்ள முகத்தை வைக்கிற சனம் அதுக்கு மேல ஏறி நிண்டு படம் எடுக்குது. அந்தப் பிள்ளையள்ல எனக்குக் கோபமில்லை. அவைக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. வள்ளத்தில இருந்த பெரியாக்கள் கை தட்டிக்கொண்டிருந்ததுதான் தாங்க ஏலாமல் கிடக்குது.

வீடியோவின்ர கடைசியில ஒரு பிள்ளை கிளை ஒண்டை முறிச்சுக் கமராவுக்குக் காட்டுது. பூங்காவுக்குள்ள அது சட்டப்படி குற்றம். அதை விடுங்கோ. அந்தக் கிளை கடையில பாக்கிற வெள்ளை நிறமில்லை, மண்ணிறம், நுனி மட்டும் கொஞ்சம் நீலம். வெளியில எடுத்தவுடன சளி மாதிரி ஒண்டு வடியும். வானுக்குள்ள பையில வைச்சுக் கொண்டு வந்தால் வவுனியா தாண்ட முதலே மணக்கத் தொடங்கும். வீட்டை வந்தால் அடுத்த நாள் செத்த மீனைவிட மோசமா நாறும், கிணத்தடியில கொண்டுபோய் வைப்பினம். அதுக்குள்ள இருந்த ஆயிரக்கணக்கான உயிர் அழுகி முடிஞ்ச பிறகுதான் அது வெள்ளையாகும்.

ஆவணி லீவுக்குப் போறம், ஆற்ர போட் நல்லது எண்டு இண்டைக்கும் நாலு பேர் உள்பெட்டியில கேட்டிருக்கினம். பேர் சொல்லமாட்டன். கரையில நிண்டு அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கோ, நங்கூரத்தை எதில போடுவியள் எண்டு. கேட்டுப்போட்டு ஏறினாப் பிறகும் கண்ணை எடுக்காதேங்கோ. பெடியன் நங்கூரத்தைத் தூக்கேக்க தண்ணியை எட்டிப் பாருங்கோ. கீழ வெளிர் நிறமாத் தெரிஞ்சால் மணல், கறுத்துத் தெரிஞ்சால் கல். கறுப்பெண்டால், "தம்பி, கொஞ்சம் பொறுங்கோ, மணலுக்கு எடுங்கோ, நாங்கள் நீந்தி வருவம்" எண்டு சொல்லுங்கோ.