ஐந்து லட்சம் பேர் சரி, வராதவர்கள் எங்கே?

நேற்றைய கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: நாட்டில் எத்தனை பேருக்கு நோய் என்று ஒரு பெரிய ஆய்வை வைத்து ஒருவர் மேடையில் அடித்துச் சொன்னார். "ஐந்து லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வு, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். "அந்த ஐந்து லட்சம் பேர் யார்?" என்று கேட்டேன். அவ்வளவுதான், அறிவியலுக்கே நான் எதிரியாகிவிட்டேன். கைதட்டியவர்களில் என்னோடு பல வருடம் பழகிய இரண்டு பேரும் உண்டு. இருக்கட்டும்.

அந்த ஆய்வு, பிரிட்டனின் யூகே பயோபேங்க் என்கிற உடல்நல ஆய்வுத் திட்டம். அது 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயதுவரையுள்ள சுமார் 92 லட்சம் பேரை அழைத்தது. வந்தவர்கள் ஐந்து லட்சம் சொச்சம், நூற்றுக்கு ஐந்தரைப் பேர். அவர்களில் புகைபிடிப்பவர் குறைவு, பருமன் குறைவு, ஏழ்மையான பகுதிக்காரர்கள் குறைவு. 70-74 வயதில் அவர்களுடைய இறப்பு விகிதம் பொதுமக்களைவிட ஆண்களில் 46, பெண்களில் 55 சதவீதம் குறைவு. நான் அவதூறு கிளப்பவில்லை ஐயா, பயோபேங்க்காரர்களே 2017-ல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆள் கூடினால் தற்செயல் பிழை குறையும். யார் வந்தார்கள் என்கிற கோணல் ஒரு துளியும் குறையாது. ஐந்து லட்சம் என்ன, ஐந்து கோடி ஆனாலும் குறையாது.

ஒரு காலத்தில் நானும் படிவம் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவன்தான். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். வேலைக்குப் போனவர்கள் வீடு பூட்டிக் கிடக்கும். ஒரு வீட்டில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்து, ஈரக்கையைத் துடைத்தபடி, "அம்மாவுக்கு ரொம்ப முடியலைங்க, இப்ப எதுவும் பேச முடியாது" என்றார். உள்ளே இருமல் நிற்கவே இல்லை. எங்கள் ஆய்வு எதைப் பற்றி என்கிறீர்கள்? நுரையீரல் ஆரோக்கியம்! படிவத்தில் அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே கட்டம் 'ஒத்துழைக்கவில்லை'. டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகச் சொன்னார் மேற்பார்வையாளர்.

"அப்ப எந்த ஆய்வையும் நம்பக் கூடாதா?" நான் எப்போது அப்படிச் சொன்னேன்? புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு எந்தக் கூட்டத்திலும் தெரியும். ஆனால் நேற்று அவர் பேசியது தொடர்பைப் பற்றியல்ல, நாட்டில் எத்தனை பேருக்கு நோய் என்பதைப் பற்றி.

"குறைவாக வந்த பிரிவினருக்குக் கணக்கில் கூடுதல் எடை கொடுத்துச் சரிசெய்துவிடுவோம்" என்பார்கள். வயதுக்கும் வருமானத்துக்கும் எடை போடலாம், அளக்காத ஒன்றுக்கு எப்படிப் போடுவீர்கள்? 1980-ல் வெளியான ஒரு இதயநோய் ஆய்வில், மருந்தே இல்லாத வெறும் போலி மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்தாண்டில் இறந்தவர்கள் 15 சதவீதம், ஒழுங்காக விழுங்காதவர்களில் 28. தெரிந்த நாற்பது காரணிகளைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தும் அந்த இடைவெளி மறையவில்லை. போலி மாத்திரையா உயிரைக் காத்தது? ஒழுங்காக விழுங்கியவர்களிடம் யாரும் அளக்காத வேறேதோ இருந்தது. ஆய்வுக்கு வருபவர்களிடமும் அப்படி ஒன்று இருக்கலாம்.

இதெல்லாம் தெரியாதவர்கள் கைதட்டியிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. அந்த இரண்டு பேரும் என்னோடு அதே படிவத்தைத் தூக்கியவர்கள். அதே கட்டத்தில் அவர்களும் டிக் அடித்தவர்கள்.

இன்பாக்ஸில் வந்து அறிவுரை சொல்ல நினைப்பவர்கள், அழைக்கப்பட்டவர் எத்தனை, வந்தவர் எத்தனை என்ற இரண்டு எண்ணோடு வாருங்கள். மற்றபடி வேண்டாம்.