டைவ் அடித்த அன்றைக்கே மலையேறாதீர்கள்

ஜூன், ஜூலையில் நம்ம மலையகப் பக்கம் மழை விடாது. அதே மாதங்களில் திருகோணமலைக் கடல் அலையடங்கித் தெளிந்து கிடக்கும். அதனால் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாவிலிருந்து நிலாவெளிக்கு வேன் வேனாகப் போகிறோம். போகட்டும், நல்லதுதான். முழங்கால் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிய காலம் போய், இப்போது பொடியன்கள் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டே டைவ் அடிக்க இறங்குகிறார்கள்.

என் மனக்குறையெல்லாம் திரும்பி வருகிற நேரத்தைப் பற்றித்தான். ராத்திரி வேன் ஏறி, விடிய நிலாவெளி, காலையில் டைவ், பகல் சோறு, அந்திக்குப் புறப்பட்டு நடுச்சாமத்தில் வீடு. ரூம் காசு மிச்சம், மறுநாள் வேலைக்கும் போய்விடலாம். இந்தக் கணக்குதான் ஆபத்து.

கடலுக்குள் 10 மீட்டர் இறங்கினாலே உடம்பின் மேல் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பிறகு அது வெளியேறப் பல மணி நேரமாகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் உடம்புக்குள்ளேயே குமிழிகள் உண்டாகலாம். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கடற்கரையைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நம்பாதவர்கள் கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டை நானுஓயாவில் எடுத்துப் பாருங்கள், உப்பிப்போய் வெடிக்கிற கணக்கில் இருக்கும்.

டைவ் முடித்தவர்கள் உடனே விமானம் ஏறக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். டைவுக்குக் கூட்டிப்போகிறவர்கள் வெள்ளைக்காரர்களிடம் "எப்போ ஃப்ளைட்?" என்று கேட்பார்கள். நம்மிடம் "வீடு எவ்வளவு உயரத்தில்?" என்று யார் கேட்கப்போகிறார்கள்? நாமாகத்தான் சொல்ல வேண்டும். டைவ் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் விமானப் பயண வழிகாட்டல் சுமார் 600 மீட்டருக்கு மேல் போகிறவர்களுக்கும் பொருந்தும். சாதாரணமான ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஹட்டனே 1,200 மீட்டருக்கு மேல்.

நிலாவெளிக்குப் பக்கத்திலுள்ள புறாத்தீவில் மாஸ்க்கும் குழாயும் போட்டு மிதந்தபடி மீன் பார்க்கிற ஸ்நோர்க்கலிங்குக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அன்றைக்கே வரலாம். பவளப்பாறை மேல் ஏறி நிற்காமல் இருந்தால் சரி.

டைவ் அடித்தவருக்கு அந்தக் குமிழிகளின் அறிகுறியான மூட்டு வலி, கை கால் மரத்துப்போதல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி வந்தால் "பயணக் களைப்பு, தூங்கினால் போய்விடும்" என்று விட்டுவிடாதீர்கள். மேற்கொண்டு மலையேறாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய், டைவ் அடித்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வேனுக்குள் நடக்கிற தண்ணிப் பார்ட்டி இன்னொரு கேடு. உடம்பின் நீரை அது வற்ற வைக்கும், வருகிற அறிகுறியையும் போதை என்று நினைக்க வைக்கும்.

ரூம் காசு பெரிய செலவுதான், மறுக்கவில்லை. ஆனாலும் போயா (பௌர்ணமி) லீவு சனி ஞாயிறோடு சேர்ந்து வரும்போது போங்கள். முதல் நாள் காலையிலேயே டைவை முடித்துவிடுங்கள். மறுநாள் புறாத்தீவு, கோணேஸ்வரம், கன்னியா வெந்நீர்க் கிணறு எல்லாம் பார்த்துவிட்டு அந்திக்கு வேன் ஏறினால் 24 மணி நேரத்துக்கு மேலேயே ஆகியிருக்கும்.