'டிக்' சத்தம் வந்தால் செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று பொருளில்லை

"டிராக்டர் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரை மாற்றிவிடுங்கள்" என்று சிலர் சொல்வது தவறு. பழைய டிராக்டர் வைத்திருப்பவருக்கு அது வீண் செலவு. சொலினாய்டு, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்ச், இழுக்கிறது என்பதை மட்டுமே அந்தச் சத்தம் காட்டும். மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகாததே பெரும்பாலும் காரணம். முழு சார்ஜில் உள்ள பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். இறங்கவே இல்லையா? டெர்மினலில் பூத்த உப்பையும் பேட்டரியை வண்டியின் இரும்போடு இணைக்கும் எர்த் கேபிளையும் பாருங்கள். பெயின்ட் மேலேயே எர்த்தை முடுக்கியிருப்பார்கள். வெறும் இரும்பு தெரியச் சுரண்டி இறுக்குங்கள். பிறகும் அதே சத்தம் என்றால் சொலினாய்டின் காண்டாக்ட் கருகியிருக்கலாம், அப்போதும் மோட்டார் நன்றாகவே இருக்கக்கூடும்.

தயவுசெய்து, ஸ்க்ரூடிரைவரால் சொலினாய்டின் முனைகளை நேரடியாக இணைத்து ஸ்டார்ட் செய்யும் யோசனையை யாருக்கும் சொல்லாதீர்கள். வண்டி கியரில் இருந்தால் சக்கரத்தருகே நிற்பவர் மீதே ஏறிவிடும்.