மாதிரிக் கட்டுரை போதும் என்ற வாட்ஸ்அப் செய்தி தவறு

‘ஸ்டான்ஃபோர்ட் எம்.பி.ஏ. விண்ணப்பக் கட்டுரையை யாரும் படிப்பதில்லை; ஜிமேட் (எம்.பி.ஏ. சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வு) மதிப்பெண்தான் எல்லாம். இந்த மாதிரியில் பெயரை மாற்றி அனுப்பினால் போதும்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எனக்கு வந்த கோப்பில் பெயர், ஊர், பாட்டி செய்த தொழில் ஆகிய மூன்று இடங்களிலும் வெறும் கோடுதான் இருந்தது. பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பு இதனால் வீணாகுமே என்று பதறிப்போனேன்.

உண்மை வேறு. ‘உங்களுக்கு எது மிக முக்கியம், ஏன்?’ என்பது அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் மேலாண்மைக் கல்லூரி நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. ‘ஏன் ஸ்டான்ஃபோர்ட்?’ என்பது இன்னொன்று. கட்டுரையைப் பிறர் எழுதித் தருவது விதிமீறல் என்று விண்ணப்பப் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். நண்பர் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லலாம். எண்ணமும் சொல்லும் உங்களுடையவையாகவே இருக்க வேண்டும்.

நகலைக் கண்டுபிடிக்க முடியாது என்றும் அச்செய்தி சொல்கிறது. பல கல்லூரிகள் இதற்கென்றே மென்பொருள் வைத்திருக்கின்றன. 2012இல் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. ஆண்டர்சன் மேலாண்மைக் கல்லூரி, நகல் எடுத்த காரணத்துக்காக 52 விண்ணப்பங்களை நிராகரித்தது. அப்போதே நாளிதழ்களில் வந்த செய்தி இது.

எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிப்பவர்கள் கல்லூரியின் சொந்த இணையதளத்தில் சேர்க்கைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். அந்தக் கோப்பு உங்களுக்கு வந்தால் அழித்துவிடுங்கள், தயவுசெய்து வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.