நீலச் சுடர் மெதனோல் இல்லை என்பதற்குச் சான்றல்ல

வீட்டில் வடித்த சாராயத்தைக் கரண்டியில் ஊற்றிக் கொளுத்தும்போது நீலமாக எரிந்தால் அதில் நச்சு மதுசாரமான மெதனோல் இல்லை என்றும், ஸ்கொட்லாந்தின் குடும்ப வடிசாலைகளும் இப்படித்தான் சோதிக்கின்றன என்றும் கூறும் செய்தியொன்று வன்னியின் வட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது.

இது தவறு, உயிருக்கே ஆபத்தான தவறு. மதுபானங்களில் வழக்கமாக உள்ள எதனோல், நச்சான மெதனோல் இரண்டும் நீலமாகவே எரியும் என்பதால், கலவையில் எது எவ்வளவு உள்ளது என்பதைச் சுடரின் நிறத்தால் அறிய முடியாது. முதலில் வடிவதைக் கொட்டிவிட்டால் போதும் என்பதும் முழு உண்மையல்ல: மெதனோல் 64.7 பாகை செல்சியசிலும் எதனோல் 78.4 பாகையிலும் கொதித்தாலும், நீருடன் கலந்த நிலையில் அவை தெளிவாகப் பிரிவதில்லை. யாரேனும் தொழிற்சாலை மெதனோலைக் கலந்திருந்தால் அந்த முறையால் பயனே இல்லை.

1887இல் வடிப்பைத் தொடங்கி இன்றும் நிறுவுநரின் வழித்தோன்றல்களிடமே இருக்கும் ஸ்கொட்லாந்தின் கிளென்ஃபிடிக் போன்ற குடும்ப வடிசாலைகள் உரிமம் பெற்றே இயங்குகின்றன. மெதனோலின் அளவை அறிய ஆய்வுகூடத்தில் வளிம நிறப்பிரிகைச் சோதனை (கலவையை ஆவியாக்கி அதன் கூறுகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் முறை) செய்யப்படுகிறது. இலங்கையிலோ, 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்படி உரிமமின்றி வடிப்பது குற்றம். இதனை மதுவரித் திணைக்களத்தில் கேட்டு உறுதிப்படுத்தலாம்.

மெதனோல் உடலில் போமிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். அறிகுறிகள் பல மணி நேரம் கழித்தே தோன்றலாம் என்பதால், குடித்தவருக்குப் பார்வை மங்கினால் விடியும்வரை காத்திராமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். அந்தச் செய்தியை இனியும் பகிர வேண்டாம். அனுப்பியவருக்கும் இந்த விளக்கத்தைத் தெரியப்படுத்துங்கள்.