11 மணியிலிருந்து 4 மணி வரை வண்டி வேண்டாம்

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பாங்காக் போகிறோம், குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்படிச் சுற்றினீர்கள் என்று இந்த வாரம் மட்டும் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். மூன்று வீட்டிலும் ஐந்து வயசுக்குள் ஒரு குழந்தை இருக்கிறது. தனித்தனியாக எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் ஏப்ரல் கடைசியில் போனோம். நான், வீட்டுக்காரர், அத்தை, ஆறு வயசு மகள், மூன்று வயசு மகன். 2023 நவம்பரில் தாய்லாந்து நமக்கு விசா விலக்கு கொடுத்த பிறகு, நம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை முடிவது ஏப்ரலில், பாங்காக்கில் வருஷத்திலேயே வெயில் உச்சத்தில் இருப்பதும் அதே ஏப்ரலில். "திருச்சியில பார்க்காத வெயிலா?" என்று அத்தை கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே இறங்கிய பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. திருச்சி வெயில் சுடும், ஆனால் மரத்தடியில் நின்றால் வேர்வை காய்ந்துவிடும். பாங்காக்கில் நிழலில் நின்றாலும் காயாது. காற்றே ஈரமாக இருக்கிறது. வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்?

எங்களுடையது பேக்கேஜ். முதல் நாள் மட்டும் நான்கு இடம். ஓட்டலில் காலைச் சாப்பாடு, அப்புறம் ஒவ்வொரு ஓட்டலாக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு பாங்காக் அரச அரண்மனை வாசலுக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. அரண்மனையை 8.30-க்கே திறந்துவிடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நாங்கள் வேனில் தொலைத்தோம். உள்ளே அரைக்கால் சட்டை, கையில்லாத சட்டை எல்லாம் கூடாது என்பதால், போட்டோவுக்கும் நன்றாக இருக்குமே என்று பையனுக்கு ஜீன்ஸ் போட்டுவிட்டிருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அரண்மனை வளாகத்துக் கோயிலில் இருக்கும் மரகத புத்தர் சிலை 66 சென்டிமீட்டர் உயரம்தான். அதற்கு வெயில் காலத்துக்கு ஒரு உடை, மழைக் காலத்துக்கு ஒன்று, குளிர் காலத்துக்கு ஒன்று என்று மூன்று உடைகள் உண்டு. காலம் மாறும்போது அரசரே வந்து மாற்றுகிறார். கைடு இதைச் சொன்னதும் மகள் என்னிடம், "சாமிக்கு இப்ப வெயில் டிரஸ்ஸாம்மா? தம்பிக்கு?" என்று கேட்டாள். அப்போதுதான் பையனைச் சரியாகப் பார்த்தேன். வழியெல்லாம் "தூக்கு, ஜூஸ் வேணும், இது என்ன" என்று நச்சரித்துக்கொண்டே வந்தவன், கொஞ்ச நேரமாகச் சத்தமே இல்லை. கூட்டத்தில் அதை நான் நல்லதாக எடுத்துக்கொண்டேன். முகம் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. காலை ஓட்டலில் சிறுநீர் போனவன், அப்புறம் போகவே இல்லை.

சுற்றிலும் ராமாயணம் வரைந்த நீண்ட தாழ்வாரம் ஒன்று இருக்கிறது. மொத்தம் 178 ஓவியங்கள். அந்த நிழலில் அவனைக் கிடத்தி ஜீன்ஸைக் கழற்றினோம். அங்கே வேலை பார்க்கும் ஒரு அம்மா, நாங்கள் கேட்காமலே ஈரத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவன் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார். வீட்டிலிருந்து கொண்டுபோன ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். முக்கால் மணி நேரம் கழித்து, "அக்கா, பத்து தலை" என்று சுவரைக் காட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதற்குள் கைடு இரண்டு முறை வந்து, மற்றவர்கள் வேனில் காத்திருக்கிறார்கள், அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கோபம் அந்தக் கைடு மேல் இல்லை. நான்கு இடம் என்று அச்சடித்த தாளைப் பார்த்து "பரவாயில்லையே, நிறைய காட்டுறாங்களே" என்று பணம் கட்டியது நாங்கள்தான். பெரியவர்கள் நாலு பேர் போனால் அந்தத் தாள் சரி. குழந்தைக்கு உடம்பு சின்னது. எடைக்குத் தோலின் பரப்பு அதிகம் என்பதால் வெளிச்சூடு சீக்கிரம் உள்ளே ஏறிவிடும். வேர்ப்பதும் நம்மைவிடக் குறைவு. தாகத்தைச் சொல்லத் தெரியாது, சொன்னாலும் "கொஞ்சம் இரு, வெளியே போய்க் குடிக்கலாம்" என்போம். அதோடு, கொதிக்கிற தரைக்கு அவன் முகம் நம் முகத்தைவிட இரண்டடி கிட்டத்தில் இருக்கிறது. தள்ளுவண்டியில் வைத்து மேலே துணி போட்டுவிட்டால் வெயில் படாது என்று நினைக்காதீர்கள். காற்று போகாமல் உள்ளே இன்னும் சூடாகும். நடைபாதையிலும் அந்த வண்டி ஓடாது, கடைகளும் மேடுபள்ளமும்தான். குழந்தையை இடுப்பில் கட்டிக்கொள்ளும் துணியே மேல்.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன், மிச்ச நாட்களுக்கு அந்தத் தாள் வேண்டாம் என்று. "கட்டின பணம்?" என்றார். "போகட்டும்" என்றேன். அத்தை என் பக்கம் நின்றார்.

மறுநாள் காலை ஆறரைக்கு லும்பினி பூங்காவில் இருந்தோம். டிக்கெட் கிடையாது. ஏரிக்கரையில் ஆளுயர உடும்புகள் சாவகாசமாக நடக்கின்றன, தண்ணீரில் இறங்கி நீந்துகின்றன. பையன் ஒன்றரை மணி நேரம் அதையே பார்த்தான். எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்தது. ஓடிக்கொண்டிருந்தவர்கள், உடற்பயிற்சி செய்தவர்கள் எல்லோரும் அப்படியே நின்றார்கள். அவனும் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். பத்து மணிக்கு அறைக்குத் திரும்பிவிட்டோம். குளியல், தயிர்சாதம், தூக்கம். சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் மறுபடி வெளியே வந்தோம்.

ஆற்றில் ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு ஓடுகிறது, எங்களிடம் ஆளுக்கு 16 பாட் வாங்கினார்கள். அந்த ஊரில் குளுகுளுவென்று காற்று வந்த இடம் அதுதான். இறங்கி, அக்கரைக்கு இன்னொரு படகில் போனால் வாட் அருண் கோயில். எட்டத்தில் வெள்ளையாகத் தெரிகிற கோபுரம் கிட்டப் போனால் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகள். "அம்மா, இது தட்டு! இது கிண்ணம்!" என்று மகள் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கைடு அவசரப்படுத்தியிருந்தால் நானும் அதைப் பார்த்திருக்க மாட்டேன்.

அடுத்த நாள் காலை வாட் போ கோயில். 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறார் புத்தர், அவர் முதுகுப்பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட வேண்டும். பையன் ஒரு கிண்ணம் விடவில்லை. கூரைக்குக் கீழேதான் நடக்கிறோம், வெயிலும் இல்லை.

ஒரு சாயங்காலம் பாங்காக்கின் பழைய விழா ஊஞ்சலைப் போய்ப் பார்த்தோம், பெரிய ஊஞ்சல் என்றே அதற்குப் பெயர். சிவப்புத் தேக்குத் தூண்கள் இரண்டு வானத்துக்கு நிற்கின்றன, பலகை கிடையாது. ஆடுவதை 1935-லேயே நிறுத்திவிட்டார்கள். அது நடந்த விழாவின் பெயர் திரியம்பவாய், திரிபவாய். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அங்கே அப்படி ஆகியிருக்கின்றன. அத்தையிடம் சொன்னதும் அங்கேயே நின்று மெதுவாக "ஆதியும் அந்தமும் இல்லா" என்று தொடங்கிவிட்டார். மகள் ஊஞ்சலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டாள். மதியம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்திருந்தால், அந்த நேரத்தில் நாங்கள் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்திருப்போம்.

சின்னக் குழந்தைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, எதற்குக் கூட்டிப் போகிறீர்கள் என்பவர்களையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஞாபகம் வைப்பதற்காகவா தினமும் கதை சொல்கிறோம்? கூட்டிப் போங்கள். அவர்கள் தாங்குகிற நேரத்தில் கூட்டிப் போங்கள். பேக்கேஜ் பேசும்போதே கேட்டுவிடுங்கள்: காலையில் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம், 11 மணியிலிருந்து 4 மணி வரை வண்டி வேண்டாம். முடியாது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ஓட்டலை மெட்ரோ ரயில் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் எடுங்கள், மதியம் திரும்பி வர அதுதான் வசதி. ரயிலில் குழந்தையைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் உட்காருங்கள்.

மிதக்கும் சந்தையை நாங்கள் பார்க்கவில்லை. ஊரிலிருந்து 100 கிலோமீட்டர், போக வர அரை நாள். அதற்குக் கட்டிய பணமும் திரும்பவில்லை. எங்கள் குழுவில் மற்றவர்கள் படகில் இருந்த அந்த மதியம், பிள்ளைகள் இரண்டு பேரும் மாம்பழமும் ஒட்டரிசியும் சாப்பிட்டுவிட்டு, வாயைக்கூடத் துடைக்காமல் அத்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.