ஜானை ஜாக் ஆக்கியது நானல்ல

செவ்வாய்க்கிழமைப் பதிவின் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க அதிபராக இருந்த ஜான் கென்னடியை ஓரிடத்தில் ‘ஜாக்’ என்று எழுதிவிட்டேன். “அதிபரின் பெயர்கூடத் தெரியாமல் வரலாறு எழுத வந்துவிட்டார்” என்று ஒரு மேதாவி தீர்ப்புச் சொல்ல, 38 பேர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஐயா, ஜான் கென்னடியை வீட்டாரும் நண்பர்களும் ஜாக் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் வைத்த பெயரல்ல.

“ஆங்கிலத்தில் இரண்டுமே நான்கெழுத்து, இதில் சுருக்கம் எங்கே?” என்கிறார் ஒருவர். செல்லப்பெயர் என்ன, முழக்கோல் வைத்து வெட்டிய துணியா? இடைக்கால இங்கிலாந்தில் ஜானோடு ‘கின்’ என்ற செல்ல விகுதி சேர்ந்து ஜான்கின் ஆனது. அது ஜாக்கின் என்று திரிந்து, வால் உதிர்ந்து ஜாக் ஆனது. முதலில் நீண்டு, பிறகு குறுகிய பெயர். கிருஷ்ணமூர்த்தி கிட்டு ஆனபோது யாரும் புணர்ச்சி விதி கேட்கவில்லையே!

பிரெஞ்சு ‘ழாக்’கிலிருந்து வந்தது என்று இன்னொருவர். ஒலி ஒத்துப்போகிறது, மறுக்கவில்லை. ஆனால் ழாக் ஜேம்ஸுக்குத்தான் உறவு. ஆங்கில ஆவணங்களில் ஜாக் என்பது ஜானையே குறிக்கிறது என்று ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகர் நிக்கல்சன் 1892இலேயே வாதாடிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், ழாக் வழியில் வந்தது கென்னடியின் மனைவி ஜாக்குலினின் பெயர்தான். வீட்டில் அவர் ஜாக், இவர் ஜாக்கி. பெயர்களுக்குள் சொந்தமே இல்லை!

இந்தப் பெயரை நான் புத்தகத்தில் கற்கவில்லை. உளுந்தூர்பேட்டை தாண்டி, நள்ளிரவில், பஞ்சரான அம்பாசிடர் பக்கத்தில் நின்று “ஜாக்கியை எடுடா” என்றார் அப்பா. நான் டார்ச் பிடித்தேன். துருப்பிடித்த அந்த இரும்பு ஒவ்வொரு சுற்றுக்கும் கிரீச்சிட்டபடி வண்டியைத் தூக்கியது. அதற்குள்ளும் ஒரு ஜான் இருக்கிறான் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் எடுபிடிப் பையன் எவனாக இருந்தாலும் ஜாக்தான். பூட்ஸ் கழற்றும் கட்டை தொடங்கி, அவன் வேலையைச் செய்த கருவிகளுக்கும் அவன் பெயரே ஒட்டிக்கொண்டது. சீட்டுக்கட்டில் ராஜா, ராணிக்கு அடுத்த படத்தை, எடுபிடியின் பெயரால் ஜாக் என்று சொல்பவனைக் கண்டால் அங்கிருந்த கனவான்கள் முகம் சுளிப்பார்கள். அந்தக் கனவான்கள் ஒழிந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

தவறிருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். சிரிப்பது வேறு. அந்த 38 பேரில் என் அத்தை மகனும் இருக்கிறார். அத்தான், நாற்பது வருடமாக ஊரே உங்களைப் ‘பாபு’ என்கிறது. உங்கள் ரேஷன் கார்டில் அந்த இரண்டெழுத்தில் ஒன்றாவது இருக்கிறதா?